சத்தமில்லாத பெரட்டு

நல்லமுத்துக் கங்காணியின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற கல்லூத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேல்மலையில் நின்று மனுஷன் "நிரையைப் பிடி" என்று ஒரு குரல் கொடுத்தால், கீழ்மலையில் புல் வெட்டுகிற ஆம்பிளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். லயத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள்கூட, தன்னைத்தான் அதட்டுகிறாரோ என்று திடுக்கிட்டு எழுந்திருப்பாள். பங்களா வராந்தாவில் உட்கார்ந்தபடியே துரை, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்தெடுக்கிறார்கள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். நல்லமுத்துவுக்கு எழுத்து வாசனை கிடையாது. சிபாரிசுக்குப் பெரிய இடத்தில் ஆள் கிடையாது. அந்தத் தொண்டையால்தான் கங்காணி வேலை கிடைத்தது, அதனால்தான் இருபது வருஷமாக அது நிலைத்தும் இருந்தது.

அப்போது சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கொடி மாறியதே தவிர, காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டு மாறவில்லை. பனி விலகுமுன்னே பெண்கள் எல்லாரும் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாகக் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவள் "வந்திட்டேன்" என்று குரல் கொடுத்தால்தான் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி அவளுக்குப் பேர் போடுவார். பேர் விழாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். நல்லமுத்து எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் மீனம்மாவில் தொடங்கிக் கடைசிப் பெண்வரை மளமளவென்று கூப்பிட்டு முடிப்பார். ஒருநாளும் வரிசை பிசகியதில்லை.

கங்காணியைத் திட்டாமல் கொழுந்தெடுத்த பெண் அந்த மலையில் பிறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள், பாட்டுக் கட்டித் திட்டுவார்கள், சிலபேர் நேரிலேயே திட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அதெல்லாம் அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. திட்டு விழாத நாளில் வேலை சரியாக வாங்கவில்லையோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒருத்தியிடம்தான் பயம் இருந்தது. அவள் அழகம்மா.

அழகம்மா தொங்கல் காம்பிராவில், அதுதான் லயத்தின் கடைசி அறையில், தனியாக இருந்தவள். புருஷன் முத்துலிங்கம் மரம் வெட்டப் போன இடத்தில் வாகைமரத்தின் கீழ் அகப்பட்டுச் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. ஊமை என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்வாள், சிரித்தால் சிரிப்பாள். ஆனால் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும், மலை ஏறும்போதும், ரொட்டிக்கு மா பிசையும்போதும் அவளுடைய உதடு மட்டும் கொஞ்சமாக அசைந்துகொண்டே இருக்கும். சத்தம் வராது. கொழுந்தெடுக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு கையும், செடியின் மட்டம் பார்க்க வைக்கிற மட்டக்கம்புக்கு மேலே தாவித் தாவிப் போக, உதடு அதற்கு ஈடாக அசையும். அட்டை காலைக் கடித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, பக்கத்து நிரையில் சண்டை மூண்டாலும் சரி, அது நிற்காது.

நல்லமுத்து என்ன நினைத்தார் தெரியுமா? அவள் தம்மைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்தார். வேறென்ன நினைப்பார் பாவம், கங்காணியாச்சே! மலையில் நிற்கிற பெண்ணின் வாய் முணுமுணுத்தால் அது கங்காணிக்குத்தான் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். உரக்கத் திட்டுகிறவள் அதோடு மறந்துவிடுவாள். சத்தமில்லாமல், அதுவும் விட்டுவிடாமல் திட்டுகிறவளை என்ன செய்வது? ஒருநாள் நேரிலேயே போய் நின்று முறைத்துப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். உதடு நிற்கவில்லை. மனுஷனுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது.

மறுநாளிலிருந்து அழகம்மாவுக்கு ஓடைக்கரை நிரை. அந்த மலையிலேயே மோசமான இடம் அதுதான். செங்குத்துச் சரிவு, காலை வைத்தால் வழுக்கும், அட்டை வேறு கொத்துக் கொத்தாக. யாருக்காவது தண்டனை கொடுப்பதென்றால் ஒரு நாளைக்குத்தான் அங்கே விடுவார்கள். அழகம்மாவை அவர் மாதக்கணக்கில் அங்கேயே விட்டார். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் தொண்டை போனது.

மாசிப் பனியில் முதலில் கரகரத்தது. எல்லாருக்கும் வருகிற சளிதானே என்று விட்டுவிட்டார். பிறகு குரல் இரண்டாகப் பிளந்தது. சித்திரை பிறக்கும்போது, மேல்மலையில் நின்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மிளகுக் கசாயம், கற்பூரவள்ளிச் சாறு, சுடுதண்ணீரில் உப்பு, ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர் கரண்டியை விட்டு நாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் கத்திக் கத்திக் குரல்நாண் தேய்ந்துவிட்டது, இனிமேல் கத்தவே கூடாது என்று சொல்லிவிட்டார். கத்தக்கூடாத கங்காணி என்ன கங்காணி? பெரட்டில் பெயர் கூப்பிடும்போது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. செய்தி துரைக்கு எட்டியது. அடுத்த மாதம் முதல் தேதி பெரட்டுக்குத் தாமே வருவதாகவும், நல்லமுத்துவால் கூப்பிட முடியாவிட்டால் அவருக்குக் கீழே இருக்கிற ஆள்கூட்டத்தை, கங்காணி வேலைக்குக் காத்திருந்த செல்லசாமியிடம் கொடுத்துவிடுவதாகவும் துரை சொல்லியனுப்பினார். கூட்டம் போனால் கங்காணி வீடும் போகும். ஐம்பது வயதில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, இத்தனை நாள் தாம் அதட்டிய ஆட்களோடு மழைநீர்க் கான் வெட்டப் போக வேண்டும்.

அழகம்மாதான் தம் வாயைக் கட்டிவிட்டாள் என்று நல்லமுத்து முடிவு செய்தது அப்போதுதான். வாய்க்கட்டு என்று ஒரு மந்திரம் உண்டு, ஒருத்தனை நினைத்து விடாமல் உருப்போட்டால் அவன் நாக்கு எழும்பாது என்று அவர் சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டவர். மனைவி நாகலெட்சுமியிடம் சொன்னார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, தோட்டமே உரக்கத் திட்டியும் உமக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒருத்தி வாய்க்குள் சொன்னதுதான் பலித்துவிட்டதாக்கும் என்று கேட்டாள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பயம் போகவில்லை.

அதிமதுரம் வாங்க நோர்வூட்டுக்கு இறங்கினார். மருந்துக்கடை ஜமால்தீன் நானா ஒரு கையால் தராசைப் பிடித்திருந்தார். மேசைக்குக் கீழே மறு கையில் மணிகள் உருண்டுகொண்டிருந்தன, உதடும் லேசாக அசைந்தது. இத்தனை வருஷம் அந்தக் கடைக்குப் போய்வந்தவர் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தார். யாரை நினைத்து என்ன சொல்கிறீர்கள் நானா என்று காற்றுக் குரலில் கேட்டேவிட்டார்.

ஜமால்தீன் நானா சிரித்தார். "அல்லாட பேரு கங்காணி. வாய் யாவாரத்துக்கு, கை தராசுக்கு. உள்ளுக்கும் யாவாரமே ஓடினா மனுசன் என்னத்துக்கு மிஞ்சுவான்?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நல்லமுத்து மலை ஏறினார். நேரே லயத்துப் பீலிக்குப் போனார். பொழுது இன்னும் சாயவில்லை. மற்றப் பெண்கள் குடத்தோடு போய்விட்டிருந்தார்கள். அழகம்மா மட்டும் தண்ணீர் நிறைவதற்காகக் குனிந்து நின்றாள். உதடு அசைந்தது. கங்காணியைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினாள்.

நல்லமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. கெஞ்சத்தான் வந்தது. "என்னைய விட்டுரு புள்ள," என்றார். "கட்டுன வாய அவுத்துவிட்டுரு. நாளைக்கே நல்ல நிரை தாறேன்."

அவளுக்கு விளங்கவில்லை. எதைக் கட்டினேன், எதை அவிழ்ப்பது என்று கேட்டாள். வருஷக்கணக்காக வாய்க்குள்ளேயே தம்மைத் திட்டிக்கொண்டிருப்பது தமக்குத் தெரியும் என்று அவர் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தார். அழகம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏளனம் துளியும் இல்லை, மெய்யாகவே ஆச்சரியம்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க கங்காணியண்ணே," என்றாள். "மலையில நிக்கிறப்ப உங்கள நான் நெனச்சதே இல்ல."

பீலித் தண்ணீர் குடத்துக்கு மேலாக வழிந்து ஓடியது. அவள்தான் பிறகு மெதுவாக எல்லாம் சொன்னாள். புருஷன் போன பிறகு மரம் முறிகிற சத்தம் அவள் தலைக்குள் நிற்காமல் கேட்டதாம். கொழுந்தெடுத்தாலும் கேட்கும், படுத்தாலும் கேட்கும். பைத்தியம் பிடித்துவிடுமென்று பயந்து, சின்ன வயதில் தைப்பூசத்துக்குக் கேட்ட சரவணபவ என்பதைக் கையோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தாளாம். வலது கை கிள்ளும்போது சரவ, இடது கை கிள்ளும்போது ணபவ. ஆரம்பத்தில் நூறு தடவை அறுந்துபோகும், திரும்பப் பிடிக்க வேண்டும். அறுந்ததற்காக வருத்தப்படாமல் அடுத்த கொழுந்தில் மறுபடி தொடங்கினாளாம். பின்னால் கை இல்லாதபோதும் வந்தது, நடையோடு வந்தது, மூச்சோடு வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, யாரிடமும் அவள் சொன்னதும் இல்லை. மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஓடைக்கரை நிரையும் பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்றாள். அங்கே பேச்சுச் சத்தம் குறைவாம், வசதியாக இருக்கிறதாம்!

நல்லமுத்துவுக்கு முதலில் அவமானமாக இருந்தது, உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தம்மைத் திட்டியிருந்தாலாவது தமக்கு ஓர் இடம் இருந்திருக்கும். இவள் இத்தனை வருஷமாகத் தம் கண்ணெதிரில் நின்றபடியே வேறெங்கோ வாழ்ந்திருக்கிறாள், அங்கே கங்காணியும் இல்லை, துரையும் இல்லை, மழையும் இல்லை. தாம் தண்டனை என்று கொடுத்ததை அவள் தியானம் செய்கிற இடமாக்கிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய அந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து, அதன் ஆழம் பிடிபடாமல் மலைத்துப் போனார்.

குளவி வந்தது அந்த மாதக் கடைசியில்.

முற்பகல் வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஓடைக்கரை வாகைமரத்தில் தொங்கிய குளவிக்கூட்டைப் பருந்து ஒன்று வந்து அடித்தது. மேலே நின்ற நல்லமுத்துதான் முதலில் பார்த்தார். கூடு பிளந்து புகை மாதிரி குளவி கிளம்பிற்று. கத்த வாயைத் திறந்தார். இருபது வருஷம் வீணாகக் கத்திய தொண்டை, கத்த வேண்டிய அந்த ஒரு நேரத்தில் கைவிட்டுவிட்டது. கையை வீசிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். அதற்குள் பெண்கள் அலறத் தொடங்கிவிட்டார்கள், படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாலா பக்கமும் சிதறினார்கள். எல்லாரும் தப்பினார்கள். நல்லமுத்து மட்டும் கானுக்குள் கால் தடுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. தலைக்கு மேலே ரீங்காரம் இறங்கி வந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் அழகம்மா ஒருத்திதான், அவர் கொடுத்த நிரையில்தானே நின்றாள். அவள் ஓடியிருக்கலாம். இடுப்புப் படங்கை அவிழ்த்து அவர்மேல் போட்டாள். விளிம்புகளைத் தன் முழங்காலால் அமுக்கிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அசையவே இல்லை.

படங்குச் சாக்கில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக நல்லமுத்து பார்த்துக்கொண்டே கிடந்தார். குளவிகள் அவள் கையில் இறங்கின, கழுத்தில் ஏறின. கன்னத்தில் ஒன்று, புருவத்தில் ஒன்று. இமைமேல் ஒன்று நடந்து போனது, இமை துடிக்கவில்லை. கொட்டின. கொட்டிய இடம் தடித்துக்கொண்டு வருவது அவருக்குத் தெரிந்தது. அவள் கை அதைத் தட்டிவிட எழும்பவில்லை. எப்போதும் அசையும் அந்த உதடு அன்றைக்கு மூடியிருந்தது, கொஞ்சமும் அசையவில்லை. அவள் முழங்கால் அவர் தோளில் பட்டிருந்ததால் மூச்சு மட்டும் தெரிந்தது. தூங்குகிற பிள்ளையின் மூச்சு அப்படித்தான் இருக்கும். பயத்தில் வெடவெடவென்று நடுங்கிய அவர் உடம்பும், தன்னையறியாமல் அந்த மூச்சோடு சேர்ந்து மெல்ல மெல்ல அடங்கியது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. கோவிலில்கூட அவர் அப்படி ஒரு நிசப்தத்தில் இருந்ததில்லை. வெளியே மரணம் சிறகடித்துக்கொண்டிருக்க, தாம் சாமி சந்நிதியில் கிடக்கிறோம் என்றுதான் அவருக்குப் பட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

குளவிகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. பந்தத்தோடு ஆட்கள் வந்து தூக்கியபோது அழகம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துக்காரர், கையைக் காலை வீசாததால் குளவிக்கு ஆத்திரம் மூளவில்லை, அதனால்தான் உயிர் பிழைத்தாள் என்று விளக்கினார். இருக்கலாம். ஆனால் அப்படி அசையாமல் இருக்க எங்கே மருந்து கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை.

வீக்கம் கொஞ்சம் வடிந்து அவளுக்குப் பேச்சு வந்த அன்று நல்லமுத்து தடியூன்றிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். துரையைத் தவிர யாருக்கும் கும்பிடு போடாத கை தானாகக் கூப்பிக்கொண்டது. அவள் பதறிப்போய் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவருக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்கு உதடு அசையவில்லையே, பயத்தில் மந்திரம் மறந்துவிட்டதா?

சொல்வதற்கு அழகம்மாவுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் சொல்லலண்ணே. அது தானா ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

திரும்பி வரும்போது நல்லமுத்து, தடி ஊன்றும் போதெல்லாம் சரவ என்றும் கால் வைக்கும்போதெல்லாம் ணபவ என்றும் சொல்லிப் பார்த்தார். பத்தடிக்குள் அறுந்துவிட்டது. வருத்தப்படாமல் மறுபடி தொடங்கினார்.

முதல் தேதி வந்தது. பெரட்டுக்களத்தில் பனி கனமாக இறங்கியிருந்தது. துரை கம்பளிக் கோட்டோடு வந்து நின்றார். ஒரு பக்கம் கணேசமூர்த்தி பென்சிலோடு நின்றார், மறுபக்கம் செல்லசாமி புதுத் தலைப்பாகையோடு தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். பெண்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. வாய் ஓயாமல் திட்டியவர்கள்தான், ஆனாலும் அன்றைக்கு எல்லார் முகத்திலும் கவலை. வரிசையின் பின்னால், வீக்கம் முழுதும் வடியாத முகத்தோடு அழகம்மாவும் வந்து நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள்.

துரை தலையசைத்தார். நல்லமுத்து ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தார். மீனம்மா என்று கூப்பிட்டார். காற்றுக்கூட வரவில்லை. மீனம்மா தவித்துப்போய் இடமும் வலமும் பார்த்தாள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்லசாமி ஓரடி எடுத்து வைத்தான்.

இனிமேல் ஒன்றுமில்லை என்று நல்லமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஏனோ படபடப்பு நின்றது. போகிறது போகட்டும், கடைசியாக ஒரு தடவை எல்லார் பெயரையும் உள்ளுக்குள்ளாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று கண்ணை மூடிக்கொண்டார். மீனம்மா என்று மறுபடி சொன்னார். இத்தனை வருஷம் அதட்டலாகச் சொன்ன பெயரை முதல் தடவையாக ஆளை நினைத்துச் சொன்னார். அவருடைய உதடு மட்டும் அசைந்தது.

"மீனம்மா," என்று களத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. "ஒன்னத்தான் கூப்புடுறாரு. குரல் குடு புள்ள."

அழகம்மாதான். அந்தத் தோட்டத்தில் யாரும் அதுவரை அவள் இவ்வளவு உரக்கச் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மீனம்மா நிமிர்ந்து, "வந்திட்டேன் கங்காணி," என்றாள்.

நல்லமுத்து கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த பெயரைச் சொன்னார். அடுத்தவள் குரல் கொடுத்தாள். அதற்கடுத்த பெயர், அதற்கடுத்த குரல். ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம். முன்வரிசை அவர் உதட்டைப் பார்த்துச் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். பின்வரிசைக்கு அவர் முகம் பனியில் தெரியவே தெரியாது. அங்கேயும் பிசகவில்லை. கூப்பிடுகிற சத்தமே இல்லாமல் பதில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தது. கணேசமூர்த்தியின் பென்சில் நிற்காமல் ஓடியது. செல்லசாமி எடுத்து வைத்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்கு என்ன விளங்கியதோ, கைக்கடிகாரத்தை மறுபடி பார்க்கவில்லை.

கடைசிப் பெயர் முடிந்ததும் துரை கணேசமூர்த்தியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கணேசமூர்த்தி ஓடிவந்து நல்லமுத்துவின் தோளைத் தொட்டார். "கங்காணி, கூட்டம் ஒங்களுக்குத்தான். மலைக்கு ஏத்தச் சொல்லிட்டாரு."

நல்லமுத்துவின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி மலை ஏறினார்கள். களம் காலியாகிவிட்டது. அவர் அதே இடத்தில் கண்ணை மூடி நின்றார், உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.